அண்ணியின் வலது கை

விமான நிறுவனத்தில் அவள் சட்டையில் பெயர் குத்தியிருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. தலைநரைத்த கேப்டன்கள் முதல் பெட்டி ஏற்றும் ஆட்கள் வரை எல்லோருக்கும் அவள் அண்ணி.

இந்தப் பட்டத்தைக் கட்டிவிட்டது அவளுடைய நாத்தனார், கணவனின் ஒரே தங்கை. அவளும் விமானிதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், விமானிகள் கூடும் அறையில் அத்தனை பேருக்கு நடுவே, "அண்ணி, டீ எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு கேப்டன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அண்ணி, எனக்கும் சேத்து ஒண்ணு" என்றார். அதோடு சரி.

அதற்கு முன்னால் அவளுக்கு அங்கே வேறொரு செல்லப்பெயர் இருந்தது. 'கை' என்பார்கள். "இன்னிக்கு யாரோட போறே?" "கையோட." "அப்ப தூங்கிக்கிட்டே போ." பக்கவாட்டுக் காற்று பிய்த்து எடுக்கும் நாளிலும் அவள் விமானத்தை ஓடுதளத்தின் நடுக்கோட்டில் பூப்போல வைப்பாள். வருஷக்கணக்கில் உழைத்துச் சம்பாதித்த பெயர் அது. ஒரு டீயில் கரைந்துபோனது. அதைப் பற்றி அவள் வெளியே சிரித்துக்கொள்வாள். உள்ளே சிரிப்பு வந்ததில்லை.

அவள் லாரி ஓட்டுநரின் மகள். பள்ளி விடுமுறைகளில் அப்பாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனவள். ஸ்டியரிங்கில் விரல் வைத்தால் கீழே சாலை ஈரமா, மணலா என்று அவளுக்குத் தெரியும். விமானம் ஓட்டக் கற்றபோதும் அந்த விரல்தான் கைகொடுத்தது. அவள் முதலில் ஓட்டியது இரட்டை விசிறி வைத்த சின்ன விமானம். அதில் ஒளிவு மறைவே கிடையாது. முன்னால் பெரிய கைப்பிடி. அதை இழுத்தால் கம்பி இழுபடும். கம்பி இழுபட்டால் வாலில் இருக்கும் பலகை எழும்பும். இரண்டு விமானிகளுக்கும் ஆளுக்கொரு கைப்பிடி, ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவர் அசைத்தால் அவர் கையில் தெரியும். பக்கத்தில் இருப்பவர் பதறுகிறாரா, தூங்கி வழிகிறாரா என்பதைக்கூடக் கைப்பிடியை வைத்தே சொல்லிவிடலாம் என்பாள்.

பிறகு நிறுவனம் அந்த விமானங்களைத் தள்ளிவிட்டுப் புது ஜெட் விமானங்களை வாங்கியது. கைப்பிடி போனது. அதற்குப் பதில் ஜன்னலோரத்தில், விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு ஸ்டிக். இடது இருக்கைக்காரருக்கு இடது கைப்பக்கம், வலது இருக்கைக்காரருக்கு வலது கைப்பக்கம். அதை அசைத்தால் கணினிக்கு ஒரு விண்ணப்பம் போகும். கணினி அதைப் பார்த்து, எவ்வளவு தகுமோ அவ்வளவுக்கு வாலையும் இறக்கையையும் அசைக்கும். பதற்றத்தில் எவனாவது முட்டாள்தனமாக இழுத்தாலும் எல்லை மீற விடாது. அப்படி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள். அண்ணி அதை மறுக்கவில்லை. அவளுக்கு உறுத்தியது வேறு. இந்த இரண்டு ஸ்டிக்குக்கும் நடுவே பிணைப்பு இல்லை. பக்கத்து ஆள் அசைப்பது நம் கைக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அசைத்தால், யார் சொல்வது சரி என்று கணினி கேட்காது. இரண்டையும் கூட்டிக்கொள்ளும்.

அதற்காகத்தான் அங்கே ஒரு வழக்கம். எந்த நேரமும் விமானம் ஒரே ஒருவர் கையில். வாங்குகிறவர் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். கொடுக்கிறவர் "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லிக் கையை எடுக்கவேண்டும். சொல்லாமல் தொடுவது கிடையாது. ஓட்டாதவரின் வேலை பார்ப்பது, பார்த்ததைச் சொல்வது. அவ்வளவுதான்.

அண்ணியின் வீட்டில் இந்த வழக்கம் இல்லை. மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. அவள், கணவன், மாமியார், நாத்தனார். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் கதவோரம்தான் நிற்கவேண்டும். நாத்தனார் கத்தியை எடுத்தால், "விடு, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணி வாங்கிக்கொள்வாள். துணி மடித்தால் அதையும் வாங்கித் திரும்ப மடிப்பாள். "பாவம், அவளுக்கு ஓய்வு கொடுக்கறா" என்று மாமியார் பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகச் சொல்வாள். அண்ணியும் அப்படித்தான் நம்பினாள்.

நாத்தனாரை இந்தத் தொழிலுக்குக் கூட்டிவந்ததே அண்ணிதான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெண் கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் தோள்பட்டைக் கோடுகளைத் தடவிப் பார்த்துவிட்டு ஒருநாள், "நானும் ஓட்டவா அண்ணி?" என்றாள். பறக்கும் பள்ளிக்குக் கூட்டிப்போனது, தேர்வுக்குக் கேள்வி கேட்டது, அழுதபோது முகம் துடைத்தது எல்லாம் அண்ணி. அப்போதெல்லாம் பொறாமை என்ற பேச்சே இல்லை. தன்னைவிடக் கீழே இருப்பவரைப் பார்த்து யாருக்கு வயிறு எரியும்?

நாத்தனார் நேராகப் புது ஜெட்டில் வந்து உட்கார்ந்தாள். பழைய கைப்பிடியை அவள் தொட்டதே இல்லை. அண்ணி மறக்கவேண்டியதையெல்லாம் மறந்து புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த அதே வகுப்பில், பக்கத்து மேசையில், அவள் பிறந்ததிலிருந்தே கணினியோடு பேசுகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். "உங்க நாத்தனார் கேட்டா அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மாட்டேங்கறதே இல்ல, அண்ணி" என்று கேப்டன்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அண்ணி, "எங்க வீட்டுப் பொண்ணாச்சே" என்றாள். சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கைகழுவினாள்.

அந்த வருஷம் ஒரு கேப்டன் ஓய்வுபெற்றார். கேப்டன் உட்காரும் இடது இருக்கை ஒன்று காலியானது. புது ஜெட்டில் ஓட்டிய காலத்தைத்தான் கணக்கில் எடுப்போம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அண்ணியின் பழைய வருஷங்கள் ஒரே வரியில் காற்றோடு போயின. வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் வரிசையிலும் ஒன்றாக நின்றார்கள். ஒரு இருக்கை, அண்ணி, நாத்தனார். யாருக்கு என்பதைச் சிமுலேட்டரில் ஒரே அமர்வில் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு.

"ரெண்டு பேர்ல யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே" என்றான் கணவன். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரார் பார்வையைச் சரிசெய்கிறவனுக்குத் தன் வீட்டுக்குள் நடப்பது மட்டும் மங்கலாகவே தெரியும்.

"ஆமா, நம்ம வீட்டுக்குத்தான்" என்றாள் அண்ணி.

"அவ சின்னவ. அவளுக்குப் போனா அடுத்தது உனக்கு."

"எனக்குப் போனா அடுத்தது அவளுக்குன்னு ஏன் வரல உங்க வாயில?"

அவன் ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து, ஏற்கனவே துடைத்ததைத் திரும்பத் துடைக்க ஆரம்பித்தான்.

சோதனை நாள் காலை இரண்டு பேரும் ஒரே காரில் போனார்கள். அண்ணிதான் ஓட்டினாள். எப்போதும் அவள்தான் ஓட்டுவாள்.

"பயமா இருக்கு அண்ணி."

"உனக்கென்ன பயம். பட்டனத் தட்டினா எல்லாம் நடக்கும்."

"லேண்டிங் கையாலதானே போடச் சொல்வாங்க. உங்கள மாதிரி எனக்குக் கை வராது."

இதைக் கேட்டதும் அண்ணிக்கு நெஞ்சில் ஏதோ குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்கு அவள் இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டாள். "நான் பக்கத்துலதான இருப்பேன்" என்றாள்.

சிமுலேட்டர் என்பது உயரமான கூடத்தில் ஆறு கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி. சின்னப் பாலத்தின் வழியே உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், விமானியறை அப்படியே இருக்கும். பாலத்தை இழுத்துவிட்டால் பெட்டி அசைய ஆரம்பிக்கும். வயிறு அது விமானம்தான் என்று சத்தியம் செய்யும். பின்னால் திரைகளுக்கு முன் சோதிக்கும் கேப்டன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு 'ம் கேப்டன்' என்று பெயர். நன்றாகச் செய்தாலும் "ம்", சொதப்பினாலும் "ம்". அவருடைய மனைவி அவரிடம் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னாராம்.

முதலில் அண்ணியின் முறை. இடது இருக்கையில் அவள். உதவிக்கு வலது இருக்கையில் நாத்தனார். ம் கேப்டன் பக்கவாட்டுக் காற்றை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். அண்ணி கையால் ஓட்டி இரண்டு முறை இறக்கினாள். சக்கரம் தொட்டது காதுக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது முறை பனிமூட்டம். ஆட்டோ பைலட்தான் இறக்கிக்கொண்டிருந்தது. குறித்த உயரம் வந்தும் ஓடுதளம் தெரியவில்லை. தெரியாவிட்டால் இறங்கக்கூடாது, மேலே போகவேண்டும். "கோ அரவுண்ட்" என்று சொல்லி அண்ணி நடுவில் இருந்த லீவர்களை முன்னால் தள்ளினாள். என்ஜின் முழங்கியது. அந்த லீவர்கள் ஓடும் தடத்தில், அவை பொருந்தி நிற்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள் உண்டு. கடைசிப் பள்ளம் வரை தள்ளினால்தான், இறங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம் என்று கணினிக்குப் புரியும். ஒரு பள்ளம் முன்னால் நின்றுவிட்டால் முழக்கம் மட்டும் வரும். விமானம் முன்போலவே இறங்கிக்கொண்டிருக்கும். பழைய விமானத்தில் முழக்கம் கேட்டால் மேலே போகிறோம் என்று அர்த்தம். அண்ணியின் கைக்கு அந்த முழக்கம் போதுமானதாக இருந்தது.

"இன்னும் ஒரு பள்ளம், அண்ணி" என்றாள் நாத்தனார், சோற்றுக்கு உப்புப் போதாது என்று சொல்கிற குரலில். "மேல எழுத்து மாறல."

திரையின் உச்சியில் ஒரு பட்டை உண்டு; கணினி இப்போது என்ன நினைப்பில் இருக்கிறது என்பதை அதில் எழுதிக் காட்டும். அதில் இன்னும் இறங்குகிற சொற்களே இருந்தன. அண்ணி லீவர்களைக் கடைசி வரை தள்ளினாள். சொற்கள் மாறின, மூக்கு எழும்பியது.

"ம்" என்றது பின்னாலிருந்து.

நன்றி சொல்லியிருக்கவேண்டும். அண்ணிக்குக் காது மடல் சுட்டது. அவள் முகம் துடைத்துவிட்ட பெண், சோதிக்கிறவர் கேட்க, அவளுக்குப் பள்ளம் எண்ணிக் காட்டியிருக்கிறாள். மற்றதெல்லாம் மறந்துபோகும், இது அவர் காதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு அருமையான லேண்டிங்கை இந்த ஒரு வாக்கியம் தின்றுவிட்டது என்று தோன்றியது.

இடம் மாறினார்கள். இப்போது நாத்தனார் இடது பக்கம். அண்ணி வலது பக்கம், ஸ்டிக் அவளுடைய வலது கைப்பக்கம், ஜன்னலோரம். பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தால் அந்தக் கை உடம்புக்கு அந்தப்புறம் மறைந்திருக்கும்.

அதே காற்று. நாத்தனார் கையால் ஓட்டி வந்தாள். ஒழுங்காகத்தான் வந்தாள். அண்ணியின் வலது கை மடியிலிருந்து எழுந்து ஸ்டிக்கின் மேல் மெல்ல உட்கார்ந்தது. சும்மா, காவலுக்கு. புதுசு, ஏதாவது ஆகிவிட்டால்? ஓடுதளம் விரிந்து மேலே வந்தது. விமானத்தின் குரல் உயரத்தைச் சொல்ல ஆரம்பித்தது: ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி. மூக்கைத் தூக்கும் நேரம். இவள் இன்னும் தூக்கவில்லையே என்று அண்ணியின் விரல்களுக்குத் தோன்றியது. விரல்கள் கொஞ்சமாக இழுத்தன. அதே கணம் நாத்தனாரும் இழுத்தாள்.

கணினி இரண்டையும் கூட்டிக்கொண்டது. மூக்கு கேட்டதற்கு மேல் எழும்பியது. பயந்துபோன நாத்தனார் தளர்த்தினாள். விமானம் ஓடுதளத்துக்கு மேலே மிதந்தது, வேகம் செத்தது, பிறகு பொத்தென்று விழுந்தது. பெட்டி முழுக்க அதிர்ந்தது.

"ம்."

"மன்னிச்சிடுங்க சார், ஜாஸ்தியா இழுத்துட்டேன்" என்றாள் நாத்தனார்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் அசைத்தால் விமானம் அதையும் குரலில் சொல்லும். ஆனால் மற்ற எல்லா அறிவிப்புக்கும் வழிவிட்டு, கடைசியாகத்தான் அந்தக் குரலுக்கு இடம். உயரம் சொல்லும் குரலில் அது அமுங்கிப்போனது. எதிரே ஒரு பச்சை விளக்கு மட்டும் மினுக்கியது. நாத்தனாரின் கண் வெளியே ஓடுதளத்தில் இருந்தது. அண்ணியின் கண்ணோரத்தில் அந்தப் பச்சை பட்டது. பட்டதை அவள் உள்ளே வரவிடவில்லை.

இரண்டாவது முறையும் அப்படியே. இழுப்பு, மிதப்பு, பொத். இந்த முறை இன்னும் பலமாக.

நாத்தனார் இடது கையைத் தூக்கி, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தாள். "என்னன்னே புரியல. நான் இவ்வளவு கேக்கல, அது இவ்வளவு தருது."

"டென்ஷன் ஆகாத" என்றாள் அண்ணி. அவளுக்கே கேட்கச் சகிக்காத அன்போடு.

ம் கேப்டன் பெட்டியை நிறுத்தினார். "ரெண்டு பேரும் இங்க வாங்க."

பின்னால் அவருடைய திரையில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் இரண்டு சின்னச் சிலுவைக்குறிகள். ஒன்று இடது ஸ்டிக், ஒன்று வலது ஸ்டிக். ஸ்டிக்கை இழுத்தால் அதன் குறி கீழே இறங்கும். அவர் கடைசி லேண்டிங்கை மெதுவாக ஓடவிட்டார். உயரம் குறைந்தது. இடது குறி அசையாமல் இருந்தது. வலது குறி கீழே இறங்கியது. அதற்குப் பிறகுதான் இடது குறி இறங்கியது. பிறகு இடது குறி பதறிப் பின்வாங்கியது. வலது குறி இழுத்த இடத்திலேயே நின்றது, பிடிவாதமாக.

"இது யார் கை?" என்றார்.

அவர் பேசிக் கேட்ட மிக நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. பதிலுக்குக் காத்திருக்காமல் முதல் லேண்டிங்கையும் காட்டினார். அங்கேயும் வலது குறிதான் முந்தியது.

அண்ணி தன் மனசை யாரிடமும் காட்டாமல் வைத்திருப்பதாக நினைத்திருந்தாள். வீட்டில், காரில், விமானிகள் அறையில் எங்கும் ஒரு கீறல் தெரியாமல். இங்கே அது ஒரு கட்டத்துக்குள் சிலுவைக்குறியாக நடமாடிக்கொண்டிருந்தது, அளவு முதற்கொண்டு.

"காவலுக்கு வெச்சிருந்தேன், சார்."

"காவல் இவ்வளவு இழுக்குமா?"

நாத்தனார் திரையையே பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்திருந்த அண்ணிக்கு அந்த முகத்தில் தெரிந்தது கோபம் அல்ல, நிம்மதி. "அப்ப என் கை சரியாத்தான் இருந்துதா?" என்று மட்டும் கேட்டாள். அது அண்ணிக்கு அறை வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

"ரெண்டும் கணக்குல இல்ல" என்றார் ம் கேப்டன். "இன்னும் ஒரு தடவை. இதுதான் கணக்கு. அண்ணி, கை மடியில."

இவரும் அண்ணி என்கிறார்.

திரும்ப உட்கார்ந்தார்கள். அண்ணி வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுடைய சொந்த ஓட்டம் நன்றாக இருந்தது. இந்தச் சிலுவைக்குறி ஒரு கறைதான். ஆனால் பக்கத்தில் இருப்பவள் கணக்கில் வரும் ஒரே லேண்டிங்கையும் கெடுத்துக்கொண்டால், நிறுவனத்துக்கு வேறு ஆள் கிடையாது. கறையோடு சேர்த்து இருக்கை அவளுக்குத்தான்.

காற்று முன்னைவிட மூர்க்கமாக இருந்தது. ம் கேப்டன் அடிக்கும் காற்றைக் கூட்டி, சடாரென்று குறைத்துக்கொண்டிருந்தார். நாத்தனாரின் முகத்தில் வியர்வை. இரண்டு முறை கேட்டதற்கு மேல் கிடைத்த பழக்கத்தில் இப்போது அவளுடைய கை அளந்து அளந்து, குறைத்து இழுத்தது. மூளைக்குக் காரணம் தெரிந்துவிட்டது; கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. ஓடுதளம் நெருங்கும்போது எதிர்க்காற்று ஒரேயடியாக நின்றது. விமானம் அடியிலிருந்து தட்டைப் பிடுங்கியதுபோல இறங்க ஆரம்பித்தது.

அண்ணியின் கண், அவளைக் கேட்காமல், இறங்கும் வேகத்தைக் காட்டும் எண்ணுக்குப் போனது. எண் எல்லையைத் தொட்டது. தாண்டியது.

நாத்தனார் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை. விமானமே கத்தும், ஆனால் இன்னும் கொஞ்சம் மோசமான பிறகு. அதற்கு முன்னால் சொல்லவேண்டியது பக்கத்து இருக்கை. பக்கத்து இருக்கை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தொடவேண்டாம், இழுக்கவேண்டாம், எந்தத் திரையிலும் எந்தக் குறியும் நகராது. கவனிக்கவில்லை என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? உண்மையான பயணிகளும் பின்னால் இல்லை. இது வெறும் பெட்டி. நான் எதுவும் செய்யவில்லை என்று பிறகு தைரியமாகச் சொல்லலாம். சொல்லமாட்டேன், என்று அண்ணி முடிவு செய்தாள். நன்றாக, தெளிவாக முடிவு செய்தாள்.

"சிங்க் ரேட்" என்றது அவளுடைய வாய்.

மிதமிஞ்சிய வேகத்தில் இறங்குகிறோம் என்று எச்சரிக்கும் சொல் அது. பத்து வருஷத்துக்கு மேல் அந்த எண் எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் அந்த வாய் அதைச் சொல்லியிருக்கிறது. மனசைக் கேட்கும் வழக்கம் அதற்கு இல்லை. எண் தாண்டியது, சொல் வந்தது. அண்ணி பல்லைக் கடித்தாள். அது வெளியே போய்விட்டிருந்தது.

அண்ணியாக இருந்தால் அந்த இடத்தில் லீவரைக் கொஞ்சம் தூக்கி, ஸ்டிக்கைக் கொஞ்சம் பிடித்து, ஒரு வழியாக விமானத்தைக் காப்பாற்றி இறக்கியிருப்பாள். பார்த்தவர்கள் அசந்திருப்பார்கள். சில நாள் அது சரியாக வந்திருக்கும். நாத்தனார் அதையெல்லாம் நினைக்கவே இல்லை. "கோ அரவுண்ட்" என்றாள். லீவர்களைக் கடைசிப் பள்ளம் வரை தள்ளினாள். திரையின் உச்சியில் மாறிய சொற்களைச் சத்தமாகப் படித்தாள். கணக்கில் வரும் ஒரே லேண்டிங்கை, வேண்டாத சீட்டைக் கீழே போடுவதுபோலப் போட்டுவிட்டு மேலே போனாள்.

அப்போதுதான் அண்ணிக்கு உண்மையான பொறாமை வந்தது. கணினி, கேப்டன்களின் பாராட்டு, மாமியார், டீ எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. சோதிக்கிறவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, ஒரு லேண்டிங்கை விட்டுக்கொடுக்க இவளுக்கு எப்படி முடிகிறது? கூசவே இல்லையே. எங்கே வாங்கினாள் இதை? அண்ணி கற்றுக்கொடுத்த எதிலும் இது இல்லை.

சுற்றி வந்து திரும்ப இறக்கினாள். அழகான லேண்டிங் என்று சொல்லமுடியாது. சக்கரம் தொட்டது நன்றாகவே கேட்டது. எல்லைக்குள் இருந்தது, நேராக இருந்தது.

பின்னாலிருந்து பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு "நல்லது" என்றார் ம் கேப்டன்.

இருக்கை நாத்தனாருக்குப் போனது. வெளியே பாலத்தில் நின்றபடியே அதைச் சொல்லிவிட்டார், அவர் எதையும் நீட்டுகிறவர் இல்லை. அண்ணியிடம், "உங்க கை ரொம்ப நல்ல கை" என்றார். "அடுத்த தடவை அது மடியில இருக்கட்டும். அப்ப பாக்கலாம்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "அந்தச் சிங்க் ரேட், சரியான நேரம்" என்றார்.

திரும்பும்போதும் காரை அண்ணிதான் ஓட்டினாள்.

"அண்ணி."

"ம்."

"கை வெச்சது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

"இருக்கட்டும்."

"ஆனா கடைசில சொன்னீங்களே. சொல்லாம விட்டிருந்தா இன்னிக்கு நீங்க கேப்டன். தெரிஞ்சுதான சொன்னீங்க?"

அண்ணி சிக்னலில் நிறுத்தினாள். நல்லவளாகிக்கொள்ள அருமையான வாய்ப்பு. எடுத்துக்கொண்டால் மாமியார் வரைக்கும் போகும், ஆயுசு முழுக்க ஓடும். "இல்ல" என்றாள். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். வாயில வந்துடுச்சு."

நாத்தனார் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "பரவால்ல அண்ணி. எனக்கு உங்க மனசவிட உங்க வாய்மேலதான் நம்பிக்கை."

அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கக் கொஞ்சம் தாமதமானது; பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

வீட்டில் மாமியார் மகளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. கணவன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் பொதுவாகச் சிரித்தான். அண்ணி அன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிட்டாள்.

நாத்தனார் பயிற்சி முடித்து, நான்கு கோடு போட்ட தோள்பட்டையோடு இடது இருக்கைக்குப் போனாள். உறவுக்காரர்களை ஒரே விமானத்தில் போடுவதில்லை என்பதால் அவர்கள் வானத்தில் சந்தித்துக்கொள்ளவில்லை. வானொலியில் மட்டும் சிலசமயம் அந்தக் குரல் கேட்கும், அடுத்து நான் இறங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு. அண்ணி கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய வலது கை இப்போதெல்லாம் மடியில்தான் இருக்கிறது. அதைப் பார்த்து மற்ற கேப்டன்கள் சந்தோஷப்படுகிறார்கள். அதற்கு எவ்வளவு பாடு என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒரு மதியம் அவளுடைய விமானம் ஓடுதளத்துக்குப் பக்கத்தில் புறப்பாட்டுக்குக் காத்து நின்றது. காற்று அடித்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு ஜெட் இறங்கிவந்தது. வானொலியில் வந்தது அந்தக் குரல்தான். இறக்கை கொஞ்சம் ஆடியது, நேரானது, சக்கரம் தொட்டது.

"உங்க நாத்தனாரா, அண்ணி?" என்றார் இடது இருக்கையில் இருந்த கேப்டன். "பட்டு மாதிரி வெச்சிட்டாங்களே."

"நடுக்கோட்டுக்கு இடது பக்கம் தள்ளி வெச்சிருக்கா" என்றாள் அண்ணி.

கேப்டன் முன்னால் குனிந்து பார்த்தார். "இடதா? எங்க? நடுவுலதான போறாங்க."

அண்ணி திரும்பவும் பார்த்தாள். நடுவில்தான் போய்க்கொண்டிருந்தது.